உஷார்! பல்வலி தானாக நின்றுவிட்டதா?

நான்கு நாளாகப் பாடாய்ப் படுத்திய பல்வலி, ஐந்தாம் நாள் காலையில் போன இடம் தெரியவில்லை. ‘அப்பாடா, விட்டது சனியன்’ என்று பல் டாக்டரிடம் வாங்கிய அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் செய்துவிட்டீர்களா? உடனே போனை எடுத்து மறுபடியும் வாங்குங்கள். சொத்தைப் பல் வலிப்பதைவிட, வைத்தியமே பார்க்காமல் அந்த வலி நின்றுபோவதுதான் பயப்பட வேண்டிய சங்கதி.

பல்லின் நடுவில் ‘பல்ப்’ என்று மிருதுவான சதை இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதற்குள்தான் ஓடுகின்றன. சொத்தை அதுவரை எட்டியதும் அந்தச் சதை வீங்கப் பார்க்கும். கையில் கட்டி வந்தால் தோல் இளகி இடம் கொடுக்கும். பல்லுக்குள் அந்த வசதி கிடையாது, சுற்றிலும் கெட்டிச் சுவர். விசில் அடைத்துக்கொண்ட குக்கரின் கதைதான். ராத்திரி தலையணையில் தலையை வைத்ததும் ‘விண் விண்’ என்று தெறிக்கிறதே, அது அந்த அழுத்தம். அழுத்தம் ஏற ஏற, உள்ளே வரும் ரத்த ஓட்டம் நசுங்கி நின்றுவிடுகிறது. பிறகு நரம்பும் செத்துவிடுகிறது. செத்த நரம்புக்கு வலி ஏது?

கிருமி மட்டும் சாகவில்லை. அதற்கு இப்போது தின்பதற்குச் செத்த சதை கிடைத்திருக்கிறது, தட்டிக் கேட்க ஆளும் இல்லை. வேரின் நுனியில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாக இறங்கித் தாடை எலும்புக்குள் சீழ் கட்டுகிறது. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், சத்தம் போடாமல் கிடக்கும். ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து உடைந்து, வாயில் உப்புக் கரித்து, மறுபடி மூடிக்கொள்ளும். ‘சூட்டுக் கொப்புளம்’ என்று நாமே பெயர் வைத்து, இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுவோம். என்றைக்கோ ஒரு காய்ச்சலில், ஒரு அலைச்சலில், சர்க்கரை எகிறிய ஒரு வாரத்தில் உடம்பு கொஞ்சம் தளரும்போது அந்தச் சீழ் கிளம்பும்.

அதற்கு முன் நாம் செய்கிற காரியத்தைப் பார்க்க, எந்த ஊர் மெடிக்கல் ஷாப் வாசலிலும் ராத்திரி எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் நின்றால் போதும். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். “அண்ணே, பல்லுவலிக்கு மாத்திரை குடுங்க.” டாக்டர் சீட்டு கேள்வியே கிடையாது. கத்தரிக்கோல் நாலு அட்டையில் ‘கறுக் கறுக்’ என்று ஓடும். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, கலர் கேப்சூல் ஒன்று, ‘இது கேஸுக்கு’ என்று இன்னொன்று. எல்லாம் ஒரு காகிதக் கவரில் விழும். “காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு. சாப்ட்டுட்டு போடுங்க.” மாத்திரையின் பெயர் இருந்த அட்டைப் பகுதி கடையிலேயே நின்றுவிடும். என்ன சாப்பிட்டோம் என்று நாளைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டால் “வெள்ளை மாத்திரை சார்” என்பதுதான் பதில்.

அந்தக் கவருக்குள் என்ன இருக்கிறது? வலி மாத்திரை ஒன்று நிச்சயம். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கும் அல்சர்காரர்களுக்கும் அதுவே வம்பு. கூடவே ஆன்டிபயாட்டிக். சில கடைகளில் ஸ்டீராய்டு ஒன்றும் சேர்ந்துவிடும். வீக்கம் ஒரே ராத்திரியில் வடிந்து ‘கடைக்காரர் கைராசிக்காரர்’ என்று பெயர் வாங்கித் தருவது அதுதான். வீக்கம் வடியும், கிருமி வடியாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, சர்க்கரையையும் தூக்கி நிறுத்திவிட்டுப் போகும்.

சரி, ஆன்டிபயாட்டிக் நல்லதுதானே, கிருமியைக் கொல்லுமே என்பீர்கள். எப்படிப் போய்க் கொல்லும்? மாத்திரை ரத்தத்தில் கரைந்து ரத்தம் போகிற இடத்துக்குத்தான் போகும். பல்லுக்குள் ரத்த ஓட்டம் செத்து மாதங்கள் ஆயிற்று. மருந்து சுற்றுப்புறத்தை அலசிவிட்டு வரும், கிருமியின் வீட்டுக்குள் நுழையவே முடியாது. பல்லைத் திறந்து அழுகலைச் சுத்தம் செய்ய வேண்டும், சீழுக்கு வழி விட வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும். நான்காவது வழி ஒன்று இல்லை. பல் வைத்தியம் உடனே கிடைக்கிற இடத்தில் சாதாரணப் பல்வலிக்கும் வேர்ச் சீழுக்கும் ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் 2019-ல் வழிகாட்டுதலே வெளியிட்டது. காய்ச்சல், முக வீக்கம் என்று நோய் பரவும் அறிகுறி இருந்தால் கணக்கு வேறு. அப்போதும் மாத்திரை துணைக்குத்தான்.

கிளம்பிய சீழ் எங்கே போகும்? எந்தப் பல் என்பதைப் பொறுத்து அதன் பாதை.

கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களைப் பற்றித்தான் நான் அதிகம் பயமுறுத்தப் போகிறேன். வாயின் தரை மாதிரி ஒரு தசை, நாக்குக்கு அடியில் தாடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை விரிந்திருக்கிறது. இந்த இரண்டு பற்களின் வேர் நுனி பெரும்பாலும் அந்தத் தசைக்கும் கீழே இறங்கி நிற்கும். அங்கே சீழ் உடைந்தால் வாய்க்குள் வராது, நேரே தாடைக்கு அடியில் கழுத்துக்குப் போகும். அங்கிருந்து நாக்குக்கு அடியிலும் மறுபக்கத்துக்கும் பரவும். 1836-ல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். இன்றும் ‘லுட்விக் ஆஞ்சைனா’ என்று அவர் பெயரில்தான் டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். நெஞ்சுவலி ஆஞ்சைனாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் அடைபடுவது மூச்சுக்குழல்.

கழுத்தின் முன்பக்கம் பலகையாக விறைக்கும். அடியில் வீங்க வீங்க நாக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும், பின்னால் தள்ளும். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகும். பேச்சு குழறும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். காலையில் கன்னம் லேசாக வீங்கியிருந்தவருக்கு ராத்திரிக்குள் இந்த நிலைமை வரலாம். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். இன்று அந்த விகிதம் பத்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, கழுத்தில் துளை போட்டாவது மூச்சுக்கு வழி செய்தார்களே, அதனால் வந்த வித்தியாசமும் இதில் சேர்த்தி.

ஆகவே தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்கவில்லை, எச்சில் இறங்கவில்லை, குரல் மாறுகிறது என்ற நிலை வந்தால் பல் கிளினிக்குக்குப் போய் டோக்கன் போட்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, அறுவை அறை உள்ள இடத்துக்குப் போங்கள். போகும் வழியில் அவரைப் படுக்க வைக்க வேண்டாம், உட்கார வைத்தே கொண்டு போங்கள். வெளியே சூடாக ஒத்தடம் கொடுத்து ‘பழுக்க வைக்கும்’ கைவைத்தியத்தையும் அன்றைக்கு மட்டுமாவது மறந்துவிடுங்கள். கிராம்பும் கிராம்புத் தைலமும் ராத்திரி ஒன்றைக் கடத்த உதவும், அதில் தகராறு இல்லை. உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதும் நல்லதுதான். காலையில் டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மேல் பல்லுக்கு வருவோம். ‘மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்’ என்று நம் ஊரில் பயப்படாத வீடு உண்டா? படித்தவர்கள், கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள்கூட, “மேல் பல்லு டாக்டர், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். பார்வை நரம்புக்கும் மேல் பல்லுக்கும் தொடர்பே இல்லை. பல் பிடுங்குவதால் கண் போகாது. ஆனால் இந்தப் பயத்தால் சீழ் கட்டிய மேல் பல்லைப் பிடுங்காமல் வைத்துக்கொண்டால் கண்ணுக்கு உண்மையிலேயே ஆபத்து வரலாம். மேல் கோரைப் பல்லின் சீழ் மூக்கோரம் ஏறும். அந்த இடத்துச் சிரைகள் கண் குழி வழியாக மண்டையோட்டுக்குள் போய்ச் சேர்கின்றன, அவற்றில் ரத்தம் பின்னோக்கியும் போகக்கூடும். கிருமி அந்த வழியில் போய் மூளைக்கு அடியில் உள்ள ரத்தத் தேக்கத்தில் ரத்தம் கட்டியாக உறைந்தால் இமை வீங்கும், கண் பிதுங்கும், பார்வை மங்கும், உயிரே போகலாம். அபூர்வம்தான். ஆனால் கிழக்கே போக வேண்டிய பயத்தை நாம் மேற்கே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மூளை வரை போகுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு நிஜச் சம்பவம். அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில் 2007-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். சொத்தைப் பல்லில் கட்டிய சீழிலிருந்து கிருமி மூளைக்குப் போயிருந்தது. அவன் முதலில் சொன்னது தலைவலி. வீட்டில் தம்பியின் பல்லுக்குத்தான் டாக்டர் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள், இவன் பல்லைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மூளையில் இரண்டு ஆபரேஷன், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி, ஏறத்தாழ 2,50,000 டாலர் செலவு. பல்லைப் பிடுங்கியிருந்தால் 80 டாலரோடு முடிந்திருக்கும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் பல் டாக்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நாடே கொந்தளித்து, அதன் பிறகுதான் அந்த மாகாணம் விதிகளை மாற்றியது. பணக்கார தேசத்தில், உலகத்தரம் வாய்ந்த ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் நடந்தது இது.

இதுவரை சொன்னது அக்கம்பக்கத்துப் பாதை. ரத்தத்தில் ஏறிப் போகிற தூரத்துப் பாதை ஒன்றும் உண்டு. அதன் முகவரி இதயத்து வால்வு.

பல் பிடுங்கும்போது வாய்க் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும் என்பது 1935-லேயே பிரிட்டனில் நிரூபிக்கப்பட்ட விஷயம். 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஆன்டிபயாட்டிக் இல்லாமல் பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதம் பேர் ரத்தத்தில் கிருமி இருந்தது. வெறும் பல் துலக்கியவர்களிலேயே 23 சதவீதம் பேருக்கு இருந்தது! பதற வேண்டாம். ஆரோக்கியமான உடம்பு அதைச் சில நிமிஷங்களில் வடிகட்டிவிடும். நமக்கெல்லாம் தினமும் நடக்கிறது, நாமும் இருக்கிறோம். ஆனால் சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள், பிறவியிலேயே இதயத்தில் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு அப்படியில்லை. கரடுமுரடான வால்வில் அந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளும். மேலே ரத்தம் உறையும், உறைந்ததற்குள் மறுபடி கிருமி பெருகும், வால்வு அரிக்கும். அதிலிருந்து துணுக்கு ஒன்று பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இதில் நம்மூர்க்காரர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. இந்த நோயின் ஆரம்பம் சாதாரணமாக இருக்கும். சாயங்காலம் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, பசியின்மை, எடை குறைவு, வாரக்கணக்கில் அசதி. காய்ச்சல் என்றால் நாம் என்ன செய்வோம்? அதே மெடிக்கல் ஷாப், அதே கவர். மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் போட்டதும் காய்ச்சல் விடும், பிறகு திரும்பும், மறுபடி மாத்திரை. கடைசியில் இதய டாக்டரிடம் போய்ச் சேரும்போது அவர் ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்புவார். அதில் ஒன்றும் முளைக்காது. அரைகுறை மருந்து கிருமியை அடக்கி வைத்திருக்கும், ஒழித்திருக்காது. எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தை ஆறு வாரம் ஏற்றுவது? வால்வுக் கோளாறு உள்ளவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், முதல் மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. இதை உங்கள் வீட்டு வால்வு நோயாளியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் பல் பிடுங்கப் போனால் ஒரு மணி நேரம் முன்பு தடுப்பு டோஸ் தேவையா என்று இதய டாக்டரிடம் கேட்பதும் அவசியம். 2007-லிருந்து அமெரிக்க இதய சங்கம் அதை உச்ச ஆபத்துள்ள சிலருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. முன்பு எல்லோருக்கும் கொடுத்தார்களே என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இனி சர்க்கரைக்காரர்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

காலையில் துப்பும்போது வாஷ் பேசினில் லேசாகச் சிவப்பு தெரிகிறதா? ‘பிரஷ் கொஞ்சம் முரடு’ என்று பழியைப் பிரஷ் மேல் போடுவோம். நல்ல ஈறில் எந்தப் பிரஷ்ஷும் ரத்தம் வரவழைக்காது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் காரை படிந்து, ஈறு பிரிந்து, உள்ளே பை விழுந்து, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிற நோய் அது. பழைய ஆட்கள் பயோரியா என்பார்கள். முற்றிய ஈறு நோயில் வாய்க்குள் இருக்கும் புண்ணின் பரப்பு ‘உள்ளங்கை அளவு’ என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் சொல்வது 8 முதல் 20 சதுர செ.மீ. அதுவே போதாதா? காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தால், அதுவும் சர்க்கரைக்காரர் காலில் இருந்தால், வீடே பதறாதா? வாய்க்குள் இருப்பதால் வருஷக்கணக்கில் கேட்பாரில்லை.

சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். இது பல பேருக்குத் தெரியும். ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவ விஞ்ஞானி 1993-லேயே ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது விளைவு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு வரிசையில் ஈறும். தெரியாத பாதி இதுதான்: ஈறு கெட்டால் சர்க்கரையும் ஏறும். புண்ணிலிருந்து ஓயாமல் கசியும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினை வேலை செய்ய விடாது. ஈறு வைத்தியம் ஒழுங்காகச் செய்துகொண்டவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 புள்ளி வரை இறங்குகிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2022-ம் வருஷ மதிப்பாய்வு சொல்கிறது. சின்ன எண்ணாகத் தெரியும். மாத்திரை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் கிடைப்பதில் பாதிக்கு அருகே வரும் எண் அது. அரிசியைக் குறைத்தோம், வாக்கிங் போகிறோம், மாத்திரை மூன்று வேளை, அப்படியும் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர் கடைசியாக எப்போது பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள். ‘க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்’ என்று போகாமலே இருந்திருப்பார். சுவராக இறுகியிருந்த காரை போனதும் ஏற்கெனவே ஆடிய பல் ஆடுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு அபாய மணி. திடீரென்று மேல் வரிசையில் நல்ல பற்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஆடினால், ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போனால், மேலண்ணம் கறுத்தால், அது ஈறு நோயாக இல்லாமல் இருக்கலாம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின்னால் நாடு முழுக்க 40,000-க்கு மேற்பட்டவர்களைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை பலருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. பல் டாக்டர்கள் முதலில் பார்த்துச் சொல்லித் தப்பியவர்கள் உண்டு. கொரோனா போய்விட்டது, அந்தப் பூஞ்சை போகவில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரை இருக்கும் உடம்பு அதற்கு எப்போதும் பிடித்த இடம். இதில் நாள் கணக்கு பார்க்கவே கூடாது, மணிக் கணக்குதான்.

படுக்கையில் கிடக்கும் தாத்தா பாட்டிக்கு வாய் கழுவி விடுகிறோமா? உடம்பு துடைத்துவிடுவோம், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவோம். வாயை விட்டுவிடுவோம். ‘பல்லே இல்லை, எதைத் துலக்க?’ விழுங்கும் சக்தி குறைந்தவர்களுக்குத் தூக்கத்தில் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும், கிருமியோடு சேர்த்து. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 366 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள். வாய் சுத்தம் செய்துவிடாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர்கள் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம். மருந்து இல்லை, ஊசி இல்லை, பிரஷ்தான். பல்செட் போட்டுக்கொண்டே தூங்கும் வயோதிகர்களுக்கு நிமோனியா அபாயம் இரண்டு மடங்கு என்று அதே நாட்டின் இன்னொரு ஆய்வு சொன்னது. ராத்திரி பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நான் அடக்கி வாசிக்கிறேன். ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு தெரிகிறது. ஆனால் கர்ப்பத்தில் ஈறு வைத்தியம் செய்ததால் குறைப்பிரசவம் குறைந்ததா என்று பார்த்த பெரிய ஆய்வு 2006-ல் இல்லை என்றது. அந்த வைத்தியத்தால் கெடுதலும் இல்லை என்றது. ‘மாசமா இருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது’ என்று சீழோடு ஐந்து மாதம் பிள்ளையைச் சுமக்க வைக்கும் மாமியார்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள்.

அடக்கி வாசித்ததற்குக் காரணம் இருக்கிறது. பயத்தைக் காட்டிக் காசு பார்க்கிறவர்களிடமும் உஷாராக இருக்க வேண்டியிருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் எல்லா நோய்க்கும் மூலம் பல்தான் என்று ஒரு மோகம் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் ஆட்டியது. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற டாக்டர், பைத்தியத்துக்குக் காரணம் பல்லில் ஒளிந்திருக்கும் கிருமி என்று நம்பி, நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கித் தள்ளினார். பல்லோடு நிற்கவில்லை, டான்சில், பெருங்குடல் என்று போய் ஏராளமானவர்களைக் கொன்றார். நம்பிக்கை அவ்வளவு தீவிரம், சொந்த மகன்களின் பற்களைக்கூட விட்டுவைக்கவில்லை. ‘ரூட் கேனால் செய்த பல்தான் கேன்சருக்குக் காரணம்’ என்று இன்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்தக் காலத்து வெஸ்டன் பிரைஸ் என்பவரின் முயல் பரிசோதனைகளின் எச்சம். பின்னால் வந்தவர்கள் முறையாகச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவே இல்லை. மாரடைப்பு விஷயத்திலும் அப்படித்தான். ஈறு நோயும் மாரடைப்பும் ஒரே ஆட்களிடம் அதிகம் காணப்படுகின்றன என்பது நிஜம். ஆனால் ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2012-ல் தெளிவாகச் சொன்னது. எனவே ‘ஹார்ட்டுக்கு நல்லது சார், எல்லாப் பல்லையும் எடுத்துட்டு இம்ப்ளான்ட் போட்டுடலாம்’ என்று லட்சத்தில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்த நாற்காலியில் உட்காருகிறோம் என்பதும் முக்கியம். 2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் பல் கிளினிக் ஒன்றில் சிகிச்சை பெற்றவர்களில் 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்து 8 பேர் இறந்துபோனார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி அது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் அரசு சுகாதாரத் துறையினரும் விஞ்ஞானிகளும் தேடிப் போனபோது, திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் பாட்டிலில் அது சிக்கியது. பாட்டிலைத் திறந்தது சுத்தம் செய்யாத அறுவைக் கருவியால். 2025-ல் இது ஆய்விதழில் வெளியாகித்தான் ஊருக்கே தெரிந்தது. கருவிகளை உறையிட்ட கவரிலிருந்து உங்கள் கண்ணெதிரே பிரிக்கிறார்களா, சலைன் புதுசா, கையுறை மாற்றினார்களா என்று பாருங்கள். கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற டாக்டர் உங்களுக்கு வேண்டாம். காசு பிரச்சினை என்றால் தெருவோரக் கைராசிக்காரரிடம் போகாதீர்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம்தான், ஒரு காலைப்பொழுது போகும்.

போகும்போது தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்கப் போகிறோமே என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் நான்கு நாள் நிறுத்தினால் பல்லிலிருந்து கசியும் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து இதயத்தில் காத்திருக்கிறது. அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, கேன்சர் எலும்புக்குப் பரவியதற்கு ஜோலெட்ரோனிக் ஊசியோ போடுகிறார்களா? அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்த மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போவதை 2003-லிருந்து உலகம் முழுக்கப் பார்த்துவருகிறார்கள். ஊசி போட்டவர்களுக்குத்தான் அபாயம் அதிகம். அந்தச் சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், கெட்ட பல்லை முதலில் சரிசெய்துவிட்டு, குழி ஆறிய பிறகு ஊசியைத் தொடங்கலாமா என்று புற்றுநோய் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் ஒரே வாரத்தில் கேட்டுவிடுங்கள்.